இரண்டு நொடி பிந்திய குரல்

பொன்செல்விக்கு அந்த மேக் மடிக்கணினி கிடைத்ததற்குக் காரணமே அதன் திரையில் பாதி கறுத்துப் போயிருந்ததுதான். அம்மா மாடம்மாள் பெருக்கித் துடைக்கப் போகும் விளம்பர ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் உழைத்த பெட்டி அது. இனி யாருக்கும் ஆகாது என்று அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தார்கள். "எம் மவளுக்கு ஸ்கிரீன் வேண்டாம் சார்" என்று சொல்லி மாடம்மாள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கரமனை வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

பதினாறு வயதில் காய்ச்சல் ஒன்று வந்து பொன்செல்வியின் பார்வையைக் கொண்டுபோயிருந்தது. இப்போது வயது இருபத்தெட்டு. திரையில் உள்ளதை உரக்க வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் இருந்தால் கணினியில் எந்த வேலையும் செய்வாள். டெக்னோபார்க்கில் ஒரு நிறுவனம், பதிவுசெய்த பேச்சைக் கேட்டு எழுத்தாக்க, தமிழும் மலையாளமும் தெரிந்த ஆட்களைத் தேடியது. வீட்டிலிருந்தே வேலை. தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அவர்களுடைய மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அவளுக்குப் பழகிய தமிழ்க் குரலும் விண்டோஸில்தான் இருந்தது. அந்தப் பழைய மேக்குக்குத் தெரிந்ததோ இங்கிலீஷ் மட்டும்.

சாலை பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஷாஜியிடம் பெட்டியைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவரே வீட்டுக்கு எடுத்து வந்தார்.

"செல்வி, மேக்குக்குப் பதிலா நேரிட்டு விண்டோஸே போட்டுப் பாத்தாச்சு. எல்லாம் ஓடுது, சவுண்ட் மட்டும் வரல்ல. என்ன செஞ்சும் சேரல்ல கேட்டோ."

"சவுண்ட் இல்லேன்னா எனக்கு அது வெறும் தகரம்லா அண்ணா."

"அதான் வேற வழி செஞ்சேன். மேக் அதுபாட்டுக்கு ஓடும். அதுக்குள்ளயே ஒரு சாஃப்ட்வேர் வச்சு விண்டோஸை ஓட்டியிருக்கேன். ஒரு வீட்டுக்குள்ள இன்னொரு குடும்பம் குடியிருக்கிற மாதிரி. சவுண்ட் வரும். கொஞ்சம் பைய வரும், அவ்வளவுதான்."

கொஞ்சம் என்று அவர் சொன்னது இரண்டு நொடி. பொன்செல்வி 'க' அடித்தாள், பதில் இல்லை. 'ட', 'ல்' என்று அடித்து முடித்து அடுத்த சொல்லுக்குப் போன பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் 'க' என்றது. அழித்தால், எதை அழித்தோம் என்று தெரிவதற்குள் வேறொன்று அழிந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு இரண்டு நொடி கொட்டாவி விடும் நேரம். அவளுக்கோ, கால் எடுத்து வைத்த பிறகு படி இருக்கிறதா என்று சொல்லும் ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

"என்னட்டி, பேசுதா?" அடுப்படியிலிருந்து மாடம்மாள் கேட்டாள்.

"பேசுது. நான் அடிச்சு முடிச்ச பொறவு பேசுது."

ஷாஜி கடையிலிருந்து பெரிய மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேக்கில் செருகி, இரண்டு நாள் மாலையில் வந்து உட்கார்ந்து பார்த்தார். விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். மேக்கில் இருந்த நான்கு ஜிபி ராம் நினைவகத்தில் மூன்றை விண்டோஸுக்கே கொடுத்தார். முன்னைவிட மோசமானது. இரண்டாம் நாள் கிளம்பும்போது, "இதுக்கு வயசாயிப் போச்சு மோளே. தேர்வுக்கு வேற சிஸ்டம் யார்கிட்டயாவது கேளு" என்றார்.

கேட்க ஆள் இல்லை. மறுநாள் முழுக்கப் பொன்செல்வி அந்தப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி இருந்தாள். வெறுமனே எழுத்து அடிக்கும்போது விசிறி அமைதியாக இருந்தது. ஒரு ஜன்னலைத் திறந்தால் போதும், பிரஷர் குக்கர்போல இரைந்தது. அதோடு உள்ளே ஹார்ட் டிஸ்க் கறுக் கறுக்கென்று அரைத்தது. விண்டோஸை விட்டு வெளியே வந்து மேக்கின் இங்கிலீஷ் குரலைப் பேசவிட்டால், அதற்கும் அதே அரைப்பு.

ஷாஜிக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, ஒரு ஜன்னல் திறக்கும்போது ஸ்கிரீன்ல என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும், அழகா விரிஞ்சு வரும். ஓரத்துல நிழல் விழும். கண்ணாடி மாதிரி பின்னால உள்ள படம் மங்கலாத் தெரியும்."

"பின்னால என்ன படம்?"

"ஏதோ மலை, ஏரி. நல்ல படம்."

"இதெல்லாம் யாருக்கு அண்ணா?"

மறுமுனையில் ஷாஜி சிரித்தார், சிரித்த கையோடு, "நான் ஒரு மண்டன். கடையடைச்சிட்டு வரேன்" என்றார்.

வந்ததும் முதலில் மானிட்டரைக் கழற்றிவிட்டு, கறுக்காத பாதித் திரையிலேயே வேலை பார்த்தார். பிறகு அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மலையும் ஏரியும் போயின. நிழல், கண்ணாடி, விரிதல் எல்லாம் போயின. திரையின் அளவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார்கள். "எனக்கே பார்க்க சகிக்கல்ல" என்றார் ஷாஜி.

"ராமையும் குறையுங்க அண்ணா."

"குறைக்கவா? கூட்டணும்னுல்லா எல்லாரும் சொல்லுவா."

"மூணை அதுக்குக் கொடுத்தா மேக்குக்கு ஒண்ணுதானே மிச்சம். அது மூச்சுவிட இடமில்லாம டிஸ்க்கைப் போட்டு அரைக்குது. அந்த அரைப்பு எனக்குக் கேக்குது."

இரண்டாகக் குறைத்தார். விண்டோஸ் மறுபடி எழ நான்கு நிமிஷம் ஆனது; அதில் ஒன்றும் மாற்றமில்லை. ஆனால் எழுந்ததும் பொன்செல்வி 'க' அடித்தாள். விரல் விசையிலிருந்து எழும்புவதற்கு முன்பே குரல் 'க' என்றது. இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள். ஷாஜி மூக்கை உறிஞ்சினார். மாடம்மாள் சாயா போடப் போனாள்.

தேர்வு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. பத்து மணிக்கே எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டாள். பன்னிரண்டு நிமிஷப் பேச்சு. ஒரு மணி நேரத்தில் எழுதி முடிக்க வேண்டும். விழிஞ்ஞத்து மீன்காரி ஒருத்தி, தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் வாக்கியங்களில், கடல் உள்ளே வந்த வருஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொன்செல்வியின் தெருவிலும் பேச்சு இப்படித்தான் கலந்து வரும். எந்தச் சொல்லும் இடறவில்லை.

நாற்பதாவது நிமிஷத்தில் பெட்டி சூடேறியது. விசிறி இரைந்தது. குரல் மெல்லப் பிந்தத் தொடங்கியது: அரை நொடி, ஒரு நொடி. நிறுத்தி ஆறவிட நேரமில்லை.

ஒவ்வொரு எழுத்தையும் குரல் சொல்லித்தான் அடிக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது என்று தோன்றியது. குரல் எழுத்தெழுத்தாக வாசிப்பதை அடியோடு நிறுத்திவிட்டாள். காதில் மீன்காரி மட்டும் இருந்தாள். தட்டியது சரியா என்று சொல்ல யாருமில்லை. விரல்களை நம்பி அடித்துக்கொண்டே போனாள். எழுதி முடித்தபோது ஏழு நிமிஷம் மிச்சமிருந்தது. அப்போது குரலைத் திரும்ப எழுப்பி, வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசிப் பகுதியில் நான்கு பிழை. மூன்றைத் திருத்துவதற்குள் நேரம் முடிந்தது.

திங்கட்கிழமை ஜெஸ்லின் என்ற பெண் அந்த நிறுவனத்திலிருந்து கூப்பிட்டாள். "பொன்செல்விதானே? மலையாளமும் தமிழும் கலந்து வந்த இடமெல்லாம் நிறைய பேருக்குத் தெற்றிப்போச்சு. உங்களோடது மட்டும் அவங்க பேசின மாதிரியே இருக்கு. அடுத்த வாரம் தொடங்க முடியுமா? ஒரு மாசம் கழிஞ்சா கம்பெனி லேப்டாப் வரும். அதுவரைக்கும் வீட்டுல நல்ல சிஸ்டம் இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றாள் பொன்செல்வி. "காலையில எழும்ப மட்டும் கொஞ்சம் நேரமெடுக்கும்."

ஜெஸ்லின் சிரித்தாள். "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, முதல் கோப்பை எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டாள். பொன்செல்வி ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.