குடை தேடிப் போன தலை

நானூறு பேரையும் ஒன்பது பிக்குகளையும் இரண்டு கோயில் நாய்களையும் ஒரு பிணத்தின் முன்னால் உட்காரவைத்து, வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவன் நான். சிரித்த சிரிப்பில் தகனக் கூடத்தின் கூரை ஓடு மூன்று கழன்று விழுந்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தது செத்தவரின் மனைவி லமுன். தாய்லாந்தில் எங்கள் ஊரான பெட்சபுரியில் இதை மறுக்கிற ஒரே ஆளும் அவர்தான். யாருமே சிரிக்கவில்லை, வெயிலில் எனக்கு மூளை உருகிவிட்டது என்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

எங்கள் பக்கம் தகனத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு புத்தகம் கொடுப்போம். முன்னால் இறந்தவரின் படமும் வாழ்க்கையும். பின்னால் அவருக்குப் பிடித்த இலக்கியம். ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். குறைந்தது ஒரு லட்சம் பிணங்களுக்கு எழுத்துப்பிழை நீக்கியிருப்பேன்.

செத்துப்போன என் நண்பர் பிரயூன் பள்ளியில் பழைய செய்யுள் நடத்தியவர். கவிஞன் படகேறிப் போகிறான், ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் மனைவியை நினைத்து உருகுகிறான் என்று அவர் பாடினால் கடைசி பெஞ்சும் கண் கலங்கும். வீட்டிலோ லமுனிடம் சோறு, கொசு என்பதற்குமேல் பேச்சு கிடையாது. அவர் புனைபெயரில் மலிவுப் பேய்க்கதைகள் எழுதியது எனக்கு மட்டும் தெரியும். அச்சடித்ததே நாங்கள்தான்.

தொண்டையில் புற்று வந்து குரல் போனபிறகு, ஆஸ்பத்திரியில் தன் தகனப் புத்தகத்துக்கென்று என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். ‘பேயையும் சேர்.’ தலையாட்டினேன். ஆயுளில் ஒரு நாள் கூட்டித்தர முடியாது. கமா போடத்தான் எனக்குத் தெரியும். அவர் போனபிறகு லமுன், புத்தகத்தில் செய்யுள் மட்டும் போதும், மரியாதையாக இருக்கட்டும் என்றார். நான் கோழை. அவருக்கும் தலையாட்டிவிட்டு, செய்யுளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் பிரயூன் பெயரிலேயே ஒரு பேய்க்கதையைச் செருகினேன். தகனப் புத்தகத்தை எவரும் படிப்பதில்லை என்பது என் தொழில் அனுபவம்.

தகனத்தன்று பார்த்து, எங்கள் வழக்கப்படி முதல் நெருப்பு வைக்கவேண்டிய அதிகாரி இரண்டு மணி நேரம் வரவில்லை. சித்திரை வெயில். சிதையில் வைக்கும் காகிதப் பூ ஒரு கையில், புத்தகம் மறு கையில். பாவம், படித்துவிட்டார்கள்.

கதையில் ஒரு பெண்ணின் தலை ராத்திரி உடம்பைவிட்டுக் கழன்று, குடல் தொங்க ஊர்மேல் பறக்கிறது. ரத்தம் குடிக்க அல்ல. புருஷன் குடையை எங்கே மறந்து வைத்தான் என்று தேட. காப்பிக்கடை, பள்ளிக்கூடம், படகுத்துறை. ஜன்னலுக்கு ஜன்னல் குடல் சிக்கிக்கொள்ள, “எங்க வீட்டுப் பெரிய மனுஷன் இங்க வந்தாரா?” என்று மரியாதையாக விசாரிக்கிறது. விடியுமுன் குடையைப் பல்லில் கவ்விக்கொண்டு திரும்பி, தூங்குகிறவனின் கொசுவலையைத் தாடையால் இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாம் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அதற்குமேல் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. பிக்குகள் விசிறியால் முகத்தை மறைத்தார்கள், விசிறிகள் குலுங்கின. அடக்கலாம் என்று எழுந்த எனக்கும் வந்துவிட்டது. முன்வரிசையில் லமுனின் தோள்கள் ஆடின. அழுகிறார் என்று நினைத்து அவர் தங்கை மூக்கருகே தைலம் பிடித்தாள்.

அதன்பின் நூறு நாள் லமுன் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் மீன்காரியிடம் திரும்பிக்கொள்வார். போனவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, இருப்பவரைத் தொலைத்துவிட்டேன். அதைத் திருத்த என்னிடம் எந்த மெய்ப்புக் குறியும் இல்லை.

நூற்றியோராம் நாள் காலை வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“அந்தத் தலை நான்தானே, அண்ணே?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. எனக்கே அது புதுசு. “ஆமா.”

“நான் பேசினா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாரு. ஒண்ணுமே காதுல ஏறலன்னு நினைச்சேன்.” என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “எத்தனை கதை?”

“முப்பத்தேழு.”

“எல்லாத்துலயும் நான்தான் பேயா?”

“ரெண்டுல இல்ல. அது உங்கம்மா.”

அவர் கதைகளைப் போட்டுவைத்திருந்த தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒரு கதையை எடுத்து உதடு அசையப் படித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் தோள் ஆடத் தொடங்கியது.

“அன்னிக்கு நான் அழல,” என்றார், நிமிராமல். “சிரிச்சேன். அவருக்கு நெருப்பு வைக்கிறப்பவும் சிரிப்பு நிக்கல. என்னால முடியல, அண்ணே.”

மட்டமான காகிதம். பக்கத்தின் ஓரம் அப்பளம்போல் உடைந்து மடியில் விழுந்தது. அந்தத் துணுக்கை எடுத்து, அதில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.