மிளகளவு ஓட்டை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைகள் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆறடிக்கு வளர்ந்த பிள்ளையை, பர்மாவின் போட்டாதாங் பேட்டையில் இரண்டே அறை உள்ள மூன்றாம் மாடி வீட்டில், ஒரு வருஷத்துக்கு மேலாக மறைத்து வைத்திருந்தவள் ஃபக்ருன்னிசா. அதுவும் சுவருக்குக் காதும் மாடிப்படிக்குக் கண்ணும் இருக்கிற காலத்தில்.

அவள் மகன் ஷாநவாஸ் கம்போடியாவில், நாம்பென் நகரத்து விடுதி ஒன்றின் அடுக்களையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வாப்பா மௌத்தான சேதி கேட்டு ஓடி வந்தான். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிப்பதற்குள், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கொஞ்ச நாளில் வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஆண்பிள்ளைகளுக்கு வழியும் அடைபட்டது. போனவன் போனவன்தான், வந்தவன் மாட்டிக்கொண்டான்.

ஃபக்ருன்னிசா லேசுப்பட்டவள் இல்லை. தெருவே பார்க்க மகனைப் பெட்டியோடு டாக்ஸியில் ஏற்றினாள். தாய்லாந்து எல்லை வழியாகத் திரும்ப வேலைக்குப் போகிறான் என்று எல்லாரிடமும் சொன்னாள். முதல் மாடி சஜிதா ரொட்டியும் கறியும் கட்டிக் கொடுத்து, தன் சொந்தப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி அழுதாள். மறுநாள் அந்தியில், கரண்டு போன நேரம் பார்த்து, உம்மாவின் பழைய புர்காவைப் போட்டுக்கொண்டு ஷாநவாஸ் படியேறி வந்துவிட்டான். புர்கா அவனுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. இருட்டு இல்லாவிட்டால் தெருவே சிரித்திருக்கும். அன்றைக்கு உம்மாவும் மகனும்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்பு அவ்வளவாக இல்லை.

இரண்டு மாதம் கழித்து வார்டு ஆபீஸில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் பேர்களைக் குலுக்கிப் போட்டார்கள். ஷாநவாஸ் பேர் வந்தது. பிள்ளை கம்போடியாவில் இருக்கிறான் என்று ஃபக்ருன்னிசா சொன்னாள். வார்டுத் தலைவர் நம்பினதாகவும் சொல்லவில்லை, நம்பாததாகவும் சொல்லவில்லை. அந்தப் பேரை அப்படியே தொங்கலில் விட்டு வைத்தார்.

வாப்பா போன வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கம்போடியா முட்டை விற்கலாம் என்று சொன்னவன் ஷாநவாஸ்தான். அந்த ஊர்த் தெருவில் விற்கிற பண்டம் அது. முட்டையின் தலையில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, உள்ளே இருக்கிறதையெல்லாம் வெளியே எடுத்து, மீன் சாறு, மிளகு, கொஞ்சம் சர்க்கரை போட்டு அடித்து, திரும்ப அதே ஓட்டுக்குள் ஊற்ற வேண்டும். நிறுத்தி வைத்து ஆவியில் வேகவைத்து, மூன்று மூன்றாக மூங்கில் குச்சியில் கோத்துக் கரி நெருப்பில் வாட்ட வேண்டும். மேலோட்டை உரித்தால் புகை மணத்தோடு உப்பும் காரமுமாக வரும். எலுமிச்சம்பழம் பிழிந்து தின்றவன் இன்னொரு குச்சி கேட்காமல் போகமாட்டான்.

ஃபக்ருன்னிசாவுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. "மவன் போன்ல சொல்லிக் குடுத்தான்" என்று ஊரெல்லாம் சொல்லலாம். முட்டை விற்க விற்க, மகன் கம்போடியாவில் இருக்கிறான் என்பதும் நாலு பேர் வாயில் ஊறும். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். விடிவதற்குள் அவன் உள்ளே ஆவியில் வேகவைத்துத் தருவான். சஜிதாவின் மகன் ரிஹான் கரி அடுப்பையும் கூடையையும் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கப்பல்துறை வேலைக்குப் போவான். அவள் நடைபாதையில் உட்கார்ந்து வாட்டி விற்பாள். அடுப்பைத் தூக்க அவளால் முடியாது. சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து விழுந்ததிலிருந்து வலது கை சதா நடுங்கும்.

பிள்ளைக்கு வெளியே வானம் கிடையாது, சன்னல் கிடையாது, சத்தமாக ஒரு தும்மல் கிடையாது. அவனுக்கென்று மிஞ்சினது அந்த முட்டைதான். ஆரம்பத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஓட்டை போட்டான். நாளாக நாளாக அது சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மிளகளவு. ஊசிமுனையால் சுற்றி வருடி, ஓடு விரியாமல், சின்ன வட்ட வில்லையாக எடுத்துவிடுவான். முட்டையைக் கையில் வாங்குகிறவர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "எப்படிம்மா இது?" என்று கேட்பார்கள். ஃபக்ருன்னிசா என்ன சொல்வாள்? "எல்லாம் என் கையால போட்டதுதான்" என்பாள். இதைச் சொல்லும்போது பெத்த வயிறு குளிர்ந்துபோகும். புகழ்ச்சி யாருக்கு என்று அவளுக்குத்தானே தெரியும்.

வார்டுத் தலைவரின் மனைவி டோ திடா வாரத்தில் இரண்டு முறை வருவாள். நல்ல வாய், நல்ல கண். முட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் ரப்பர் பேண்டை அவளே வாங்கி மாட்டிக்கொள்வாள். வாடிக்கைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். நடுங்குகிற கையோடு இவள் ரப்பரோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க யாருக்கும் பொறுக்காது.

ஒருநாள் டோ திடா ரப்பரை மாட்டிக்கொண்டே பர்மிய மொழியில் கேட்டாள். "ஏம்மா, ரப்பர் போட வராத கை இந்த ஓட்டைய எப்படிப் போடுது?"

இத்தனை நாளில் இது ஃபக்ருன்னிசாவுக்கே தோன்றவில்லை. ஊருக்கே கண்ணில் படுகிறது கூட இருக்கிறவளுக்குப் படாது.

"பழக்கம்தான்" என்றாள்.

"அந்தப் பழக்கத்தைத்தான் பாக்கணும். எங்க பையனை புத்த மடத்துக்கு அனுப்புற சடங்கு வருது. வியாழக்கிழமை எங்க வீட்டுக்கே வந்து செஞ்சு குடு. முட்டை, கரி எல்லாம் நான் வாங்கி வைக்கிறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று ஃபக்ருன்னிசாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடியாது என்றால் சந்தேகம். உடம்புக்கு முடியவில்லை என்றால் பார்க்க வீட்டுக்கே வருவார்கள். தாயும் பிள்ளையும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள், நடுவில் ஒரு தட்டு முட்டை. அவள் தொட்டதெல்லாம் உடைந்தது. பிசுபிசுத்த விரலைப் பார்த்து அழுகையும் கோபமுமாக வந்தது.

"இம்புட்டுச் சின்னதா போடச் சொல்லி ஒன்ன யாருடா கேட்டா? பெருசா போட்டுத் தொலச்சிருந்தா ஒருத்தி கேட்டிருப்பாளா?"

ஷாநவாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "வேற என்னம்மா செய்ய நான் இங்க?"

மகன் ஒரு கிண்ணத்தில் பச்சரிசியைக் கொட்டி, முட்டையை அதில் பாதி புதைத்து வைத்தான். முட்டையைப் பிடிக்கிற வேலை அரிசிக்கு. ஊசியை இடது கையில் கொடுத்தான். வலது கையை மடியில் போட்டு அதன்மேல் இடது முழங்கையை ஊன்றிக்கொள்ளச் சொன்னான். அப்படியும் நிறைய உடைந்தது. புதன்கிழமை சாயங்காலம் போல ஒன்று உடையாமல் வந்தது, அப்புறம் இன்னொன்று. மகன் அவள் இடது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை டோ திடாவின் கொல்லைப்புறத்தில் பெண்கள் கூட்டம். வெங்காயம் உரிக்கிறவர்கள், கோழி கழுவுகிறவர்கள், எல்லாருக்கும் நடுவில் ஃபக்ருன்னிசாவுக்கு ஒரு முக்காலி. எதிரே இன்னொரு முக்காலியில் டோ திடா. முதல் முட்டை உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிஸ்மி சொல்லி மூன்றாவதை அரிசியில் வைத்தாள். சல்லிசாக வந்தது. நாலாவதும் வந்தது.

டோ திடா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "தெருவில விக்கிறது இன்னும் சின்ன ஓட்டையா இருக்கே."

"வீட்ல என்ன இத்தன கண்ணா பாக்குது?" என்றாள் ஃபக்ருன்னிசா. எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று அவளுக்கே தெரியாது. பெண்கள் சிரித்தார்கள். டோ திடாவும் சிரித்துவிட்டாள்.

வாட்டின முட்டையில் முதல் குச்சி வார்டுத் தலைவருக்குப் போனது. வாசல் பக்கமிருந்து அவரே தின்றுகொண்டு வந்தார், பின்னாலேயே ஆபீஸ் குமாஸ்தா.

"இந்தம்மாவேதான் செய்யுதுங்க" என்று டோ திடா புருஷனிடம் சொன்னாள். "என் கண்ணால பார்த்தேன். அவங்க வீட்டுல வேற ஆள் இல்ல. நான் சும்மா சந்தேகப்பட்டுட்டேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ஃபக்ருன்னிசாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொன்னாள்.

வார்டுத் தலைவர் கையைத் துடைத்தபடி குமாஸ்தாவிடம் திரும்பினார். "அப்ப அந்தப் பையன் நிசமாவே வெளிநாட்டுலதான். எத்தனை நாளைக்கு இடத்தைக் காலியா வச்சிருக்க? குலுக்கல்ல அடுத்தது யாரு?"

"அதே கட்டடம்தான். முதல் மாடி ரிஹான்."

"திங்கக்கிழமை வரச் சொல்லு."

இரண்டு பேரும் போய்விட்டார்கள். வெங்காயம் உரிக்கிறவர்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் காலையில் அவள் அடுப்பைத் தூக்கி இறக்கிய பிள்ளை அவன். ஷாநவாஸின் வாப்பா மௌத்தானபோது, சந்தூக்கைத் தூக்க ஆள் போதாமல் தோள் கொடுத்தவன். நாக்கு நுனி வரைக்கும் ஏதோ வந்தது. வாயைத் திறந்தால் தன் பிள்ளை போவான், திறக்காவிட்டால் சஜிதா பிள்ளை போவான். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், இங்கே இரண்டு தாய். ஃபக்ருன்னிசா அடுத்த முட்டையை எடுத்து அரிசியில் வைத்தாள். அது உடையாமல் வந்தது. அதற்கடுத்ததும் உடையாமல் வந்தது.

வீட்டுக்கு வந்து மகனிடம் ஜெயித்த கதையை மட்டும் சொன்னாள்.

மறுநாள் மதியம் சஜிதா மேலே வந்தாள். கதவைத் தட்டியதும் ஷாநவாஸ் உள்ளறைத் திரைக்குப் பின்னால் போய்விட்டான். சஜிதாவின் கண் வீங்கியிருந்தது.

"ராத்தா, ரிஹான் பேரு வந்துருச்சு. திங்கக்கெழம வரச் சொல்றாங்க."

"கேள்விப்பட்டேன் புள்ள."

"ஒங்க மவன் எந்த வழியா போனான், யாரு கூட்டிட்டுப் போனா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க, நானே பேசுறேன். ஏம்பேச்ச அவன் தட்ட மாட்டான்."

"லைன் கெடைக்காது சஜிதா."

"கெடைக்கிற மட்டும் இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு வேற யாரு ராத்தா இருக்கா?"

உட்கார்ந்தும் விட்டாள். ஃபக்ருன்னிசா போனை எடுத்து எண்களை அமுக்குகிற மாதிரி அமுக்கினாள், காதில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். ஒவ்வொரு தடவையும் சஜிதா அவள் முகத்தையே பார்த்தாள். இப்படி ஒரு வேஷம் போடுவதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்தது. ஆனாலும் போட்டாள்.

திரை விலகியது. ஷாநவாஸ் வெளியே வந்து நின்றான்.

சஜிதாவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் கொடுமை. எழுந்து போய் அவன் கன்னத்தைத் தடவினாள். "வந்துட்டியா வாப்பா? எப்ப வந்தே?"

"நான் போகவே இல்ல மாமி."

அவள் கை அவன் கன்னத்திலேயே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

"உம்மா, போதும்" என்றான் ஷாநவாஸ். "மொதல்ல வந்தது ஏம்பேரு. நான் ஆபீசுக்குப் போறேன்."

"என்ன மௌத்தாக்கிட்டுப் போ" என்று ஃபக்ருன்னிசா வாசலை மறித்தாள். "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நீ இந்தப் படி எறங்க மாட்டே." பிறகு சஜிதாவின் கையைத் தன் நடுங்குகிற கையால் பிடித்துக்கொண்டாள். "புள்ள, நீ ஒண்ணும் பாக்கல. அல்லாவுக்காகச் சொல்றேன், நீ ஒண்ணும் பாக்கல."

சஜிதா சத்தம் போடவில்லை. "ராத்தா, நேத்து டோ திடா வீட்ல ரிஹான் பேரச் சொன்னப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

பொய் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்தான். அந்த நேரம் பார்த்து அதற்கு ஒரு பொய்யும் வரவில்லை.

"முட்டைக்கு ஓட்ட போட்டுக்கிட்டு இருந்தேன்."

சஜிதா தன் கையை மெதுவாக, வலிக்காமல், விடுவித்துக்கொண்டாள். முக்காட்டைச் சரி செய்தாள். ஃபக்ருன்னிசா தானாகவே வாசலைவிட்டு நகர்ந்தாள். என்ன சொல்லி நிறுத்துவது? அவளும் பெற்றவள்.

செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. தாயும் மகனும் நின்ற இடத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் மாடியில்தான் அவள் வீடு. சத்தம் அங்கே நிற்கவில்லை.