குறை சொல்லும் புதன்கிழமை

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதன்கிழமை மட்டும் யாரும் யாரையும் பாராட்டக் கூடாது. 'சூப்பர்', 'அருமை', பூங்கொத்து, கைதட்டுகிற பொம்மை எதற்கும் அனுமதி இல்லை. யாராவது ஒருவர் தான் செய்த பக்கத்தைப் போடுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். 'எனக்கு ஒண்ணும் தெரியல' என்று நழுவுகிறவரின் பக்கம்தான் அடுத்த வாரம் கிழிபடும். இந்த விதியைக் கொண்டுவந்தவள் நான்தான். மற்ற நாளெல்லாம் ஆளுக்கு ஆள் தேன் தடவிக்கொண்டே இருந்தால் கை எப்போது தேறும்?

குழுவின் பெயர் 'பசையில்லா ஆல்பம்'. டிஜிட்டல் ஸ்கிராப்புக் செய்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கிறோம். போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்து, பின்னால் ஒரு காகிதம், ஓரத்தில் ஒரு ரிப்பன், மூலையில் ஒரு பூ, கீழே கையெழுத்து மாதிரி நாலு வரி என்று வைத்து அழகான பக்கமாக ஆக்குவோம். காகிதம், ரிப்பன், பூ எதுவுமே நிஜம் கிடையாது. "இதுல என்னா வருது?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். ஒன்றும் வராது. ராத்திரி பத்து மணி வரை சீரியல் பார்க்கிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

நான் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். பெயர் சுபலட்சுமி. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள். பிள்ளை இல்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் சில நாள் குளிக்கக்கூடப் போகாமல் நேரே லேப்டாப்பைத் திறந்துவிடுவேன்.

அதற்குள் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். கோச்சடையிலிருந்து வசுந்தரா. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் யாரையோ அவர்கள் பாஷையில் அதட்டிக்கொண்டே எனக்குத் தமிழில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். சமயநல்லூரிலிருந்து ஜெயக்கொடி டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கண்ணோடுதான் எங்கள் பக்கங்களையும் பார்ப்பார். இன்னும் சிலர் இருக்கிறார்கள். கோச்சடைக்கு எனக்கு ஒரே பஸ். இருந்தும் இவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்றே காலம் ஓடுகிறது.

குழுவில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நிழல் அழிக்கிற வேலை. சாயங்கால வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு படம் எடுத்தால், எடுக்கிறவர் நிழல் நீளமாகப் போய் எதிரே நிற்கிறவர்கள் காலடியில் விழும். படத்தையே கெடுத்துவிடும். "பக்கத்துல இருக்க மண்ண எடுத்து நெழலு மேல போடுங்க. ஒரே எடத்துலயே எடுக்காதீங்க, ஒரே கல்லு ரெண்டு எடத்துல தெரிஞ்சா மாட்டிக்கிருவீங்க" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். நான் அழித்த இடத்தை ஜெயக்கொடி டீச்சராலேயே கண்டுபிடிக்க முடியாது.

செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் கருத்தக்கண்ணன் புது வீடு கட்டினார். பால் காய்ச்சுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது போன் செய்தார்.

"ஏத்தா சுபா, ஹாலு செவரு பெருசா இருக்கு. நம்ம குடும்பம் மொத்தத்தையும் போட்டு, நீ கம்ப்யூட்டர்ல பண்ணுவயில்ல, அதுமாதிரி ஒண்ணு பண்ணிக் குடு. கதவு அகலத்துக்கு இருக்கணும்."

இத்தனை வருடத்தில் என் வேலையை மதித்து அண்ணன் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரிச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் படம் எடுப்பவள் நான். அதனால் படத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்பா, அம்மா, அண்ணன், மதினி பாண்டிச்செல்வி, அவர்கள் மகன் அழகுராஜா, மகள் முத்துமீனா, பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, அவர்கள் பிள்ளைகள், மருமக்கள், போன மாதம் பிறந்த குழந்தை வரை தேடி எடுத்தேன். பின்னால் பழுப்புக் காகிதம், நடுவில் இன்று எங்களோடு இல்லாத அப்பா அம்மா, சுற்றிலும் மற்றவர்கள். புதன்கிழமை குழுவில் போட்டேன்.

ஜெயக்கொடி டீச்சர் உடனே வந்தார். "பெரியவர் போட்டோவுல வெளிச்சம் எடப்பக்கம் இருந்து வருது. மத்ததுக்கெல்லாம் வலப்பக்கம். திருப்பி வைங்க." சரிதான். இன்னொருத்தி ரிப்பன் கூடிப்போச்சு என்றாள். அதுவும் சரிதான். வசுந்தராவின் குறை கடைசியாக வந்தது.

"ஒரு ஆளு கொறையுதுக்கா. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"நான்தானே எடுக்கிறேன். எடுக்கிற ஆளு எப்படி உள்ள இருக்க முடியும்?" என்று கொஞ்சம் சுள்ளென்றே பதில் போட்டேன்.

"எல்லாப் படத்தயுமா நீங்களே எடுத்தீங்க? ஒரு படம்கூடவா யாரும் உங்கள எடுக்கல?"

நான் திரும்பி வந்த பிறகு குடும்பத்தில் எடுத்த படமெல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்கைத் திறந்து தேட ஆரம்பித்தேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கும்பிடு என்று வருடம் வருடமாகப் போய்ப் பார்த்தேன். நான் இல்லை. ஒரு கூட்டத்தின் ஓரத்தில், ஒரு பந்தியின் கடைசியில்கூட இல்லை. ஆதார் அட்டையில் ஒரு படம் இருக்கிறது. அது நான்தானா என்று பேங்கிலேயே சந்தேகப்படுகிறார்கள்.

சரி, என் நிழலாவது இருக்குமே என்று தேடினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஒரு படத்திலும் இல்லை. ஒன்று விடாமல் நானே மண் அள்ளிப் போட்டு மூடியிருக்கிறேன். குழுவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அசல் படத்தைத் தொடாதீர்கள், காப்பி எடுத்து அதில் வேலை பாருங்கள் என்பதுதான். நான் மட்டும் அசலிலேயே அழித்து, அதே பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன். அழித்த பிறகுதானே படம் நன்றாக இருக்கிறது, பழையது எதற்கு என்ற நினைப்பு. கல்லூரிக்கு எதிரே இருக்கிற ஸ்டுடியோப் பையன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

நான் கேமராவுக்குப் பின்னால் போனது எப்போது என்று எனக்குத் தெரியும். அழகுராஜாவுக்குக் காது குத்தினார்கள். நான் திரும்பி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. போட்டோக்காரர் "அத்தமாரெல்லாம் வாங்க" என்று கூப்பிட்டார். நானும் எழுந்தேன். மதினியின் அம்மா மதினியைப் பார்த்தார். மதினி தரையைப் பார்த்தாள். பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த கேமராவைக் கேட்டு வாங்கி, "நான் எடுக்குறேன், எல்லாரும் நில்லுங்க" என்றேன். எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. கேமரா கையில் இருந்தால் நான் எங்கே நிற்பது என்ற கேள்வியே வராது. அன்றிலிருந்து எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

மறுநாள் வசுந்தரா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, செல்ஃபி ஒண்ணு எடுத்து அனுப்புங்க. நான் வெட்டி, வெளிச்சம் சரி பண்ணி, உங்க அண்ணனுக்குப் பக்கத்துல வச்சுத் தாரேன். அங்கயே நின்ன மாதிரி இருக்கும்."

வேண்டாம் என்றேன். நானே என்னை ஒட்டவைத்துக்கொண்டு போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் ஒன்று செய்தேன். அண்ணன் படத்துக்கு வலப்பக்கத்தில் இருந்த பூவை எடுத்துவிட்டு, ஒரு ஆள் படம் வைக்கிற அளவுக்குச் சட்டம் மட்டும் போட்டு உள்ளே வெறுமையாக விட்டேன். கண் தெரிந்த யாருக்கும் தெரியும். அதைக் குழுவில் போட்டு எழுதினேன்: "நீ எங்கன்னு வீட்டுல யாராவது ஒருத்தர் கேட்டாப் போதும். அவங்களையே என்னைய ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, அதை அங்க வச்சு மறுபடி பிரிண்ட் போட்டுக்கிறேன்."

"கட்டாயம் கேப்பாங்கக்கா. சொந்தத் தங்கச்சிய கேக்காம இருப்பாங்களா?" என்றாள் வசுந்தரா.

நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பவில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் நம்பினேன். அதனால்தான் பிரிண்ட் கடையில் இரண்டாவது பிரதிக்கும் சேர்த்தே சொல்லிவைத்தேன். அண்ணன் கேட்கிற மாதிரியும், நான் வீம்புக்கு "பரவால்ல விடுங்கண்ணே" என்று சொல்கிற மாதிரியும் பஸ்ஸில் போகும்போதே ஒத்திகை பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் பால் பொங்கியது. டிபன் முடிந்ததும் அழகுராஜா ஏணி போட்டுப் படத்தை மாட்டினான். சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்தவுடன் ஹால் முழுக்க ஒரே சத்தம். ஆளாளுக்குத் தங்களைத் தேடினார்கள்.

"அத்த, என்னைய இம்புட்டுக் குண்டாவா போடுவ?" என்று முத்துமீனா சண்டைக்கு வந்தாள். சித்தப்பா தன் மீசை ஒரு பக்கம் நரைத்துத் தெரிகிறது என்றார். பெரியப்பா மகன் தன் மாமியாரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சுவிட்டான். அண்ணன், அப்பா அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அப்போதுதான் மதினி விரலை நீட்டினாள்.

"ஏன் சுபா, இந்த எடம் மட்டும் ஏன் சும்மா கெடக்கு?"

கேட்டாயிற்று. இனி அடுத்த கேள்விதான். நான் வாயைத் திறக்கவில்லை. நானே சொல்லிக்கொடுத்து வாங்குகிற பதில் எனக்கு வேண்டாம். எல்லோரும் அந்த வெறும் சட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அண்ணன் அந்தச் சட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதுகூடத் தெரியலயா? நம்ம மீனாவுக்கு வரப்போற மாப்ளைக்கு எடம் விட்ருக்கா!"

ஹாலே சிரித்தது. "யப்பா, சும்மா இருங்க" என்று முத்துமீனா தன் அப்பா தோளில் அடித்தாள். மதினி என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எம்புட்டு யோசன பாரு உனக்கு. பெத்தவ எனக்குத் தோணல."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். என்னைக் கட்டிக்கொண்டு, இலையில் இன்னொரு வடை வைத்து, பாசத்தோடுதான் மறந்திருந்தார்கள்.

"எல்லாரும் வாங்கப்பா, இதுக்கு முன்னால நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிருவோம்" என்றார் அண்ணன். "அழகு, போனை அத்தைட்டக் குடு. அது எடுத்தாத்தான் நல்லாருக்கும்."

எல்லோரும் நின்றார்கள். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தார்கள். மதினி திரும்பி வரிசையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்துட்டமா, பாரு சுபா" என்றாள்.

"வந்தாச்சு மதினி" என்றேன். குழந்தை கண்ணை மூடிவிட்டதால் இன்னொன்றும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. காலையிலிருந்தே குழுவில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். "என்னாச்சுக்கா?" "கேட்டாங்களா?" "எனக்குக் கிளாஸ்ல மனசே ஓடல" என்று டீச்சர். வசுந்தரா மட்டும் நாலைந்து தடவை கேட்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, 'கேக்கல' என்று அடித்தேன். அனுப்பவில்லை.

அனுப்பினால் என்ன வரும் என்று தெரியும். பாவம்க்கா நீங்க என்பார்கள். உங்க அண்ணன் என்ன மனுசன் என்று யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். அம்மா அப்பா படத்துக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற மனிதனை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அவரை முகம் தெரியாத ஆட்கள் ஒரு சொல் சொல்ல நான் விட முடியாது. அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

"கேட்டாங்க."

அடுத்த நொடியே வசுந்தரா வந்தாள். "யாரு? யாரு மொதல்ல கேட்டா?"

"அண்ணன்தான். பார்த்த ஒடனே கேட்டாரு. என்னத்தா, உன்னையக் காணாமேன்னு சத்தம் போட்டாரு."

குழு முழுக்கச் சிவப்பு இதயமாகக் கொட்டியது. ஜெயக்கொடி டீச்சர் அழுகிற பொம்மை போட்டு, 'சந்தோஷ அழுகை' என்று விளக்கமும் எழுதினார். வசுந்தரா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். குரல் தழதழத்தது. "நான் சொன்னேன்லக்கா. சொந்தம்னா சும்மாவா? நான் நேத்தெல்லாம் தூங்கவே இல்ல தெரியுமா, கேக்காம விட்ருவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் நிம்மதி. நீங்க இருக்க பக்கத்த சீக்கிரம் போடுங்க. எந்தக் கெழமையா இருந்தாலும் சரி, கொறை சொல்ல மாட்டோம்."

'போடுறேன்' என்று எழுதி அனுப்பினேன்.

அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடியும் கேட்டேன். நேரில் பார்த்தறியாத ஒருத்தி எனக்காக ஒரு ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறாள். அழ வேண்டும் போல இருந்தது. போன் செய்தால் எடுப்பாள், கேட்பாள், கூடச் சேர்ந்து அழுவாள். ஆனால் என்னைத் தேடிய அந்த ஒரே ஆளிடம்தான் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். இனி இதைச் சொல்லி அழ எனக்கு யாரும் இல்லை.