மூலையில் திரும்பிய தேர்

திருவிழாத் தேர் கிகுனோவின் தோஃபு கடை மூலையில்தான் ஓட்டமாகத் திரும்பும். நாலு டன் மரத்தேர்; முந்நூறு பேர் வடம் பிடித்து ஓடுவார்கள். கொஞ்சம் விலகினாலும் கடைத்தூண் போய்விடும். வழக்கமாகத் தூணுக்குப் பாயைச் சுற்றிக் கட்டிவிட்டு வீட்டார் எதிர்ச்சாரியில் போய் நின்றுகொள்வார்கள். இந்த வருஷம் அவள் கணவன் மொரியோ முதுகெலும்பு முறிந்து கடைக்கு மேலே மாடியில் படுத்திருந்தான். மூன்று வாரத்துக்கு அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் தேர்க்கொட்டகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். வடம் பிடிப்பவர்களின் தலைவன் யாசுகே, "கவலைப்படாதீங்க அக்கா. மேளக்காரங்க பத்துப் பேரை இறக்கிவிட்டுடறோம். பாரம் குறைஞ்சா பூ மாதிரி திரும்பும்" என்றான்.

முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் தொகுஜி தலையைச் சொறிந்தார். "பாரம் பாதியானா இடி பாதிதான்டா குறையும். வேகம் பாதியானா இடி கால்வாசியாயிடும். ஆளைக் குறைக்காதே, ஓட்டத்தைக் குறை."

"மூலையில நடந்து போனா பக்கத்துத் தெருக்காரன் சிரிப்பான் அண்ணே. உங்களுக்கு வேணா பல்லக்கு சொல்லிவிடறேன்."

பத்துப் பேரும் இறங்கினார்கள். மத்தியானம் தேர் கிளம்பியது. வடம் கைக்கு லேசாக இருக்கவே இழுப்பவர்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. போன வருஷத்தைவிட வேகமாக ஓடினார்கள். கிகுனோ கணவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறு வருஷத்தில் தொகுஜி அந்த மூலைக்கு முன்னால் ஒருமுறைகூடக் கட்டை போட்டதில்லை. ஊரில் அவருக்கு அதுதான் பேர். அன்று மூலைக்கு நாற்பது அடி இருக்கும்போதே எதிர்ப்பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை போடும் ஆளுக்குக் கை காட்டிவிட்டுக் கட்டையைச் செருகி, மேலே சாய்ந்து அழுத்தினார். சக்கரத்தில் புகை கிளம்பியது. தேர் முனகிக்கொண்டே அடங்கி, சினை மாடு மாதிரி மெல்லத் திரும்பியது. தூணுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம்.

"என்ன தொகுஜி, வயசாயிடுச்சா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சிரிப்பு பரவியது. யாசுகே நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது மாடியிலிருந்து மொரியோ, படுத்தபடியே, வடம் இழுக்கும்போது போடும் கூவலைப் போட்டான்: "சோ...ர்யா!" மெலிந்த குரல்தான். கீழே சிரிப்பு நின்றது. யாசுகேதான் முதலில் பதில் கூவினான். பிறகு முந்நூறு பேரும் நடந்தபடியே கூவினார்கள்.

தேரில் தெய்வம் கடந்துகொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தொகுஜியைத்தான் கிகுனோ ஜன்னலிலிருந்து முதலில் குனிந்து வணங்கினாள். தெய்வம் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்காது.