டிலிஸ்க்கைப் புகழ்ந்த வாக்கியம்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது, முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அயர்லாந்தின் கிளேர் பக்கம் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். இந்த வசந்தத்தில் பக்கத்துப் பண்ணைக்காரி டெர்வ்லாவின் வேலியோரம் நின்று, "அடேயப்பா, என்ன அழகான குதிரை!" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். இங்கே ஒரு விலங்கைப் புகழ்ந்தால் அதே மூச்சில் 'கடவுள் காக்கட்டும்' என்று சேர்க்க வேண்டும். சேர்க்காதவன் கண் வைத்தவன். பூசணிக்காய் உடைக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது மறக்கலாமா? மறந்துவிட்டது.

மறுநாள் அந்தக் குதிரையின், டிலிஸ்க்கின், முன்னங்கால் வீங்கியிருந்தது.

2

அவனைப் பற்றி நான் எழுதிய கதைக்கு முதல் தொடக்கம்: டிலிஸ்க் பிறந்த அன்று பெருமழை

(வேண்டாம். இங்கே எது பிறந்தாலும் மழைதான்.)

இரண்டாவது: டெர்வ்லா பதினோரு மாதம் காத்திருந்தாள். தாய், கனத்த எலும்புள்ள உழவுக்குதிரை வம்சம். தகப்பன் பந்தயக் குதிரை. அவளிடமிருந்து நிதானம், அவனிடமிருந்து வேகம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஈன்ற கையோடு தாய் செத்தது. டெர்வ்லா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். மூன்று வயதில் சேணம், நான்கில் பள்ளமும் தண்ணீரும் தாண்டப் பழக்கம். இப்போது ஐந்து; சனிக்கிழமை அவனுடைய முதல் போட்டி. ஒழுங்கு நடை, தடைதாண்டல், கடைசியில் காட்டுவெளி ஓட்டம். அங்கே தடைகள் அசையாத மரக்கட்டைகள். குதிரை கவிழ்ந்தால் ஓட்டுகிறவள் அதன் அடியில். ஓட்டப்போவது டெர்வ்லாவின் தங்கை ஃபினுலா.

3

புதன்கிழமை டெர்வ்லா போன் செய்தாள்.

"நேத்து என்ன எழுதுன?"

"ஏன்?"

"அவன் கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. எழுதுனியா இல்லியா, அதச் சொல்லு."

எழுதியிருந்தேன். கண்களைப் பற்றி மூன்று வரி. அழித்தேன். மதியத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டதாம். சோதித்துப் பார்க்கலாமென்று வலது குளம்பைப் பற்றி அரை வரி, 'அந்தக் குளம்பு மண்ணில் படும்போது

போன் மறுபடி அடித்தது.

"ஏன்யா, குளம்புல என்னய்யா பண்ணுன?"

போனில் அவளுக்குப் பின்னாலிருந்து ஃபினுலாவின் சிரிப்பு. "விடுக்கா, அவரு கதைக்காரரு, மந்திரவாதி இல்ல."

"நீ சும்மா இருடி. சனிக்கிழமை முறியப்போறது உன் கழுத்து." பிறகு என்னிடம், "அந்தக் 'கடவுள் காக்கட்டும்'ங்கற வார்த்தையச் சேத்துத் தொலையேன், மகராசா. கையா தேஞ்சுபோகும்?"

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சேர்த்தேன். குளம்பு சரியாகவில்லை. அந்த வரியை அழித்த பிறகுதான் சரியானது. அப்போதுதான் உறைத்தது: எழுதினால் எடுபடாது. பார்த்தவர் ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும்.

4

சனிக்கிழமை. கயிறு கட்டிய புறப்பாட்டுக் கட்டத்துக்குள் டிலிஸ்க், அவன்மேல் ஃபினுலா. என் பக்கத்தில் டெர்வ்லா.

"முடிவு என்ன எழுதி வச்சிருக்க?" என்கிறாள்.

இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அவன் எல்லாத் தடைகளையும் சுத்தமாகத் தாண்டுகிறான்; அது புகழ்ச்சி. இன்னொன்றில் தண்ணீரருகே அவன் கால்

(இல்லை. இதை எழுத மாட்டேன்.)

இரண்டையும் கிழித்துப் போட்டாயிற்று. ஐந்து, நான்கு என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நான் இந்தக் கதை முழுக்க அவன் நிறத்தைக்கூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆனாலும் நீங்கள் மனதுக்குள் ஒரு குதிரையைப் பார்த்துவிட்டீர்கள். அழகாகத்தான் இருக்கிறான், இல்லையா?

மூன்று.

டெர்வ்லா என்னைப் பார்க்கவில்லை. இந்தத் தாளைத் தாண்டி உங்களைப் பார்க்கிறாள்.

"பாத்தீங்கல்ல? வாயத் தொறந்து சொல்லுங்க. அவன் மேல என் தங்கச்சி உக்காந்திருக்கா."