லோர்னாவின் தொப்பி

ஆர்கன்சாஸில் எங்கள் தேவாலய முகாமின் கூரைகளைச் சம்பளமில்லாமல் பழுதுபார்க்க, ஓய்வு பெற்ற தம்பதி வெர்னனும் லோர்னாவும் வருடாவருடம் படுக்கை, சமையலறையெல்லாம் உள்ள தங்கள் வீட்டு வண்டியில் வருவார்கள். இந்த ஜனவரியில் லோர்னா இறந்துவிட்டார். வேலை இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று வெர்னன் தனியாக வந்தார்.

அவர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன். நிறுத்தாமல் மின்கம்பத்தில் இடித்தார்.

"கண்ணாடி எதுக்கு இருக்கு பெரியவரே, மூஞ்சி பாக்கவா?"

"எங்க ரெண்டு பேருக்குள்ள கையைத் தூக்கினா இன்னும் வான்னு அர்த்தம்பா. லோர்னா தொப்பியைத் தொட்டாத்தான் நிறுத்துவேன்."

"எங்கிட்ட ஏது தொப்பி?"

லோர்னாவின் வைக்கோல் தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். வண்டி நகரவில்லை. போய்ப் பார்த்தேன். பக்கக் கண்ணாடியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"கழட்டிடுப்பா. என்னால முடியல. ஊருக்கே போறேன்."

முன்னால் ஓட்டிப் போக யாருடைய சைகையும் தேவைப்படவில்லை.