மெயினை நிறுத்திய பிறகு

குடித்துவிட்டு வந்திருப்பான் என்றார்கள். மெயின் சுவிச்சை நிறுத்தாமலே கை வைத்தான் என்றார்கள். சொன்னவர்களுக்கு வாய் கூசவில்லை. துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் போடும் அந்தத் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்த யுகேந்திரன், வெந்த கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனை வேலையால் நிறுத்தும் கடிதம் இங்கே தயாராகிக்கொண்டிருந்தது. மெயினை நிறுத்திவிட்டுத்தான் கை வைத்ததாகவும், றப்பர் கையுறை கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதாகவும், இல்லை என்றே முகாமையாளர் சொன்னதாகவும் அக்காவிடம் அவன் சொல்லியிருந்தான்.

அக்கா அனுஷியா அன்புவழிபுரத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். தம்பியைச் சோம்பேறி என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். பொய்யன் என்றதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்ட கையோடு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.

முகாமையாளர் கதிரவேல் அவளை மோட்டர் அறைக்குள் கூட்டிப்போய், யுகேந்திரனுக்குக் கை வெந்த கப்பாசிட்டர் பெட்டியைத் திறந்து காட்டி, தன் கையாலேயே மெயினை நிறுத்தினார். இரைச்சல் அடங்கியது.

"பாத்தீங்களே ரீச்சர்? மெயின் நிண்டா கறண்ட் எங்கயிருந்து வரும்? உங்கட தம்பி நிப்பாட்டேல்லை. அவ்வளவுதான் கதை."

அனுஷியா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். கப்பாசிட்டருக்குள் இரண்டு உலோகத் தாள்கள், நடுவில் மின் கடக்காத மெல்லிய படலம். ஒரு தாளில் நேர் ஏற்றமும் மற்றதில் மறை ஏற்றமும் சேரும். ஒன்றையொன்று இழுத்தாலும் படலத்தைத் தாண்ட ஏலாது. மெயினை நிறுத்தினால் திரும்பிப் போகவும் வழியில்லை, அப்படியே நிற்கும். முனைகளைத் தொடுகிறவன் கை வழியாகத்தான் அது பாயும். தாள் அகலமாகவும் படலம் மெலிதாகவும் இருந்தால் இன்னும் கூடப் பிடித்து வைக்கும். அதை மெல்ல வடித்துவிட ஒரு சின்னத் தடையி, அதாவது றெசிஸ்டர், பூட்டியிருக்க வேண்டும். பழைய கப்பாசிட்டர்களில் அது இருந்தது. கதிரவேல் மலிவாக வாங்கிப் போட்டு, இப்போது திறந்து காட்டியவற்றில் அது இல்லை. தம்பி எப்போதும்போல மெயினை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துத்தான் கை வைத்திருக்கிறான்.

இதெல்லாம் வகுப்புக்குச் சரி என்றார் கதிரவேல்.

"அப்ப தொடுங்கோ," என்றாள். "மெயினை நீங்கள்தானே நிப்பாட்டினனீங்கள். முனை ரெண்டையும் கையால பிடியுங்கோ. ஒண்டும் நடக்கேல்லையெண்டா, வேலையால நிப்பாட்டிற கடிதத்தை நானே கொண்டுபோய்த் தம்பியிட்டக் குடுக்கிறன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவர் தொடப் போனால் தட்டிவிட ஆயத்தமாகத்தான் நின்றாள். அவர் கை பெட்டிவரை போய், நின்று, காற்சட்டைப் பைக்குள் புகுந்துகொண்டது. வாசலில் நின்ற காவலாளி யோகலிங்கத்தைக் கூப்பிட்டு, தன் அலுமாரியிலிருக்கும் றப்பர் கையுறையை எடுத்துவரச் சொன்னார்.

கையுறை வந்தது. பொலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

அனுஷியா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பிக்கு இல்லையெண்டு சொன்னனீங்கள்," என்றாள்.

கடிதம் யுகேந்திரனுக்குப் போகவேயில்லை.